பல்லிக்கு எதுக்கு வைஃபை?

போன எபிசோட்டில் ஊர்வன வளர்க்கிற இரண்டு பேரோடு கதைத்தோம். அதுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அக்கா, டெராரியத்துக்கு எந்த ஸ்மார்ட் பிளக் நல்லது?" ஒன்றும் நல்லதில்லை என்று ஒரு வரியில் பதில் போட்டேன். உடனே கோபம். "டெக் பொட்காஸ்ட் நடத்துற ஆள் இப்பிடிச் சொல்லலாமோ?" என்று ஒருவர். சரி, ஒரு வரி போதாது என்று விளங்குது. இந்தக் கிழமை நியூஸ்லெட்டர் முழுக்க இதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தானியங்கிக்கு எதிரான ஆள் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு உயிரை வைத்துவிட்டு, சூட்டையும் வெளிச்சத்தையும் நானே கையால் போட்டு நிப்பாட்டுவேன் என்று சொல்பவரைத்தான் நான் நம்பமாட்டேன். வேலை இருக்கும், பரீட்சை இருக்கும், மெத்ரோ நிண்டுபோகும், சனிக்கிழமை கலியாணவீடு இருக்கும். மனிசர் மறப்பினம். என்னுடைய சண்டை வேறு இடத்தில். எல்லாம் பிழைச்சுப்போற அந்த ஒரு நாளில் கடைசிச் சுவிச் எங்க இருக்கு? அதுதான் கேள்வி.

எங்கட வீடுகளில் இந்த விசயத்துக்கு முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்துதான் வரும். "ஊரில விளக்குமாத்தால கலைச்ச சாமானை, இஞ்ச காசு குடுத்து வாங்கி, லைட்டும் போட்டு வைச்சிருக்கிறியோ?" ஆமை என்றால் இன்னும் மோசம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று தொடங்கிவிடுவா. சிரிப்பாக இருந்தாலும் அம்மாவின் கேள்விக்குள் சரியான பொறியியல் இருக்கு. யாழ்ப்பாணத்துச் சுவர்ப் பல்லிக்கு ஒருவரும் தெர்மோஸ்டாட் வாங்கிக் கொடுக்கவில்லை. ஏனென்றால் ஊர் முழுக்கவே அதுக்கு டெராரியம். வெயில் பட்ட மேற்குச் சுவர் ஒரு பக்கம், அலுமாரிக்குப் பின்னால் இருட்டும் குளிர்மையும் இன்னொரு பக்கம், இரவில் டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சி. ஊர்வனவற்றால் எங்களைப்போல உள்ளேயிருந்து தேவையான சூட்டை உண்டாக்க முடியாது. அவை இடத்தை மாற்றித்தான் உடம்புச் சூட்டை மாற்றும். பல்லியின் கால்தான் அதின்ர தெர்மோஸ்டாட்.

வெளிச்சமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் வருசத்தின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலதான் வித்தியாசம். பரிஸில் டிசம்பரில் எட்டேகால் மணித்தியாலப் பகல், ஜூனில் பதினாறு. அதனால் லாச்சப்பலில் ஒரு மூன்றாம் மாடி அறைக்குள் பாலைவனத்து விலங்கொன்றை வைத்திருப்பது என்றால், இன்னொரு நாட்டின் ஒரு துண்டுக் காலநிலையை நீங்கள் வாடகைக்கு நடத்துகிறீர்கள். அதை நடத்த மெஷின் வேணும். இதில் ஒரு வெட்கமும் இல்லை.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவம். சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்துகிற கருவி முதலில் மனிசரின் வசதிக்காக வரவில்லை, முட்டைக்காக வந்தது. 1620 அளவில் ஒல்லாந்துக்காரர் கொர்னேலிஸ் ட்ரெபெல் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். சூடு கூடினால் உள்ளே இருக்கிற திரவம் விரிந்து, பாதரசத்தைத் தள்ளி, அடுப்பின் காற்றுவழியை மூடும். சூடு குறைந்தால் திறக்கும். இண்டைக்கு நாங்கள் ஃபீட்பாக் என்று சொல்வது அதுதான். பிறகு ரியோமியர், 1749இல், கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கிறது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். எருக் குவியலுக்குள் பீப்பாயைப் புதைத்து அதின் சூட்டில் முட்டை அடைகாத்த மனிசர் அவர். அதே நூற்றாண்டின் கடைசியில் பொன்மேன் என்ற பரிஸ்காரர், உலோகம் சூட்டில் நீளுகிறதை வைத்தே தண்ணீர்க் கொதிகலனின் நெருப்பைக் கட்டுப்படுத்தி, இந்த நகரத்துச் சந்தைக்குக் கோழிக்குஞ்சு பொரிப்பித்தார். ஒரு சிப்பும் இல்லை. ஒரு அக்கவுண்டும் திறக்கத் தேவையில்லை.

ஊர்வன முட்டையில் ஒரு டிகிரிக்கு என்ன விலை என்று பிறகுதான் தெரிய வந்தது. 1966இல் மட்லேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர், செனகலின் டக்காரில், அகாமா என்ற ஓணான் இனத்தில் கண்டுபிடித்தார்: முட்டை அடைகாக்கிற வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்குது. அப்போது பலர் இதைக் கவனிக்கவே இல்லை. பிறகு ஆமைகளில், முதலைகளில் என்று வரிசையாக வந்தது. அதில் எங்களுக்குக் கிட்டின கதை சென்னைக்குத் தெற்கே இருக்கு. ரொமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் 1976இல் தொடங்கின மெட்ராஸ் முதலைப் பண்ணை. அங்கே ஜெஃப்ரி லாங், ஹரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் சதுப்புநில முதலை முட்டைகளை அடைகாத்துப் பார்த்து 1989இல் முடிவை வெளியிட்டார்கள். 28இலிருந்து 31 டிகிரி வரை மாறாமல் வைத்தால் எல்லாம் பெண். 32.5இல் எல்லாம் ஆண். 33க்குப் போனால் இரண்டும் கலந்து. ஒன்றரை டிகிரிக்குள் ஒரு தலைமுறையே ஆம்பிளையோ பொம்பிளையோ என்று மாறிப்போகுது!

இஞ்ச எல்லாரும் போகோனா என்று சொல்கிற தாடி ஓணானிலும் இது இருக்கு, ஆனால் வேறு மாதிரி. அதுக்கு ஆண் பெண்ணைத் தீர்மானிக்க நிறப்புரி இருக்கு. ஆனாலும் முட்டை 32 டிகிரிக்கு மேல் சூடானால், நிறப்புரியில் ஆணாக இருக்க வேண்டியவை பெண்ணாகப் பொரிக்கும். ஆஸ்திரேலியாவில் காட்டிலேயே அப்படிப்பட்ட ஓணான்களைக் கண்டுபிடித்து 2015இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள். உங்களில் முட்டை பொரிப்பிக்கிறவர்கள் ஒரு கைவிரல் அளவுதான் இருப்பீர்கள், தெரியும். ஆனாலும் "ஒரு டிகிரி முன்னப்பின்ன பரவாயில்லை" என்று சொல்லிப் பழகின எங்களுக்கு இந்தக் கதை தேவை.

இனி எங்கட காலத்துக்கு வருவம்.

போன வருசம் எங்களைக் கேட்கிற ஒரு பெடியன் நீளமாக எழுதியிருந்தான். பெயர் வேண்டாம், பிளக்கின் பெயரும் வேண்டாம். வீட்டில் எல்லாரும் ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தார்கள். போகோனாவைப் பார்க்கப் பக்கத்து வீட்டு அண்ணா இரண்டு நாளுக்கு ஒருக்கா வருவார். மற்றதெல்லாம் அப். இன்டர்நெட் பெட்டி ஒரு நாள் தானாக அணைந்து எழும்பியிருக்கு. பிளக் அதோடு திரும்பச் சேரவில்லை. பத்து மணிக்கு "ஓஃப்" என்ற கட்டளை கம்பனியின் சேவரிலிருந்து வரவேண்டும், அது வரவே இல்லை. லைட் இரவும் பகலும் எரிந்தது. அப்பில் கடைசியாகத் தெரிந்த வெப்பம் 29, பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அந்தப் பச்சைப் புள்ளி முந்தின நாளுடையது. அண்ணா வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பெடியனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பெட்டியில் எழுதியிருந்ததை நம்பினான், அவ்வளவுதான்.

இது ஒரு பிளக்கின் குறை இல்லை, ஒரு வடிவமைப்பின் குறை. 2016 ஜனவரியில் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகள் ஒரு சொஃப்ட்வெயர் பிழையால் பற்றரி இறங்கி நின்றன. நடுக் குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஆக்கள் குளிர்ந்துபோன வீட்டில் எழும்பினார்கள். பெட்நெட் என்ற செல்லப்பிராணிச் சாப்பாட்டு மெஷின், 2016 ஜூலையில் சேவர் விழுந்ததாலும் 2020 பெப்ரவரியில் இன்னொரு தடவையும் வேலைசெய்யாமல் நின்று, பூனை நாய் வைத்திருந்தவர்களைத் தவிக்கவிட்டது. 2025 ஒக்டோபர் 20ஆம் தேதி அமேசானின் கிளவுட் விழுந்தபோது எய்ட் ஸ்லீப் என்ற விலைகூடின ஸ்மார்ட் மெத்தைகளில் சில சூட்டிலேயே சிக்கி நின்றன. கம்பனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏனென்றால் மெத்தை சுட்டால் மனிசன் எழும்பிப் போய் சோஃபாவில் படுப்பான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது எங்க போகும்?

"அக்கா, நான் கடையில் வாங்கவில்லை, நானே ஈஎஸ்பி32இல் செய்தேன்" என்று சொல்கிற கூட்டமும் எங்களிடம் இருக்கு. உங்களில் எனக்கு விருப்பம் கூட. அதனாலேயே உங்களுக்குத்தான் கடுமையாகச் சொல்லப் போகிறேன்.

டிஎஸ்18பி20 என்ற தண்ணி புகாத வெப்ப உணரியைத்தான் அனேகமாக எல்லாரும் போடுகிறீர்கள். மலிவு, நல்ல சாமான். வயர் கழன்றால் அது என்ன சொல்லும் தெரியுமோ? ஆர்டுயினோவில் எல்லாரும் பாவிக்கிற லைப்ரரி அப்போது கழித்தல் 127 என்று ஒரு இலக்கத்தைத் திருப்பித் தரும். "உணரி இல்லை" என்பதுக்கு அது ஒரு குறியீடு. இனி உங்கட கோடை நினைச்சுப் பாருங்கோ: வெப்பம் 32க்குக் குறைவென்றால் ஹீற்றரைப் போடு. கழித்தல் 127 குறைவுதானே? ஹீற்றர் எரியும். எரிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு எரிந்தாலும் கோடுக்கு அது அந்தார்ட்டிக்காவை விடக் குளிர். அதே உணரி கரண்ட் வந்தவுடன், அளக்கத் தொடங்க முதல், 85 என்று சொல்லும். அப்போது ஹீற்றர் அணையும், அது பரவாயில்லை. வேறு சில மென்பொருள்கள் நேர்மையாக "தெரியாது" என்று சொல்லும். ஆனால் தெரியாது என்று வரும்போது ரிலேயை என்ன செய்வது என்று நீங்கள் எழுதாவிட்டால், அது கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும்.

வயர் கழரவே தேவையில்லை. ஓணான் ஏறி மிதித்து, உணரி சூட்டுக் கல்லிலிருந்து வழுக்கிக் குளிர்ப் பக்கம் விழுந்தாலே போதும். அது உண்மையைத்தான் சொல்லும், வேறு இடத்து உண்மையை. ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிப்போவதும் நடக்கும். லைட் எரியத் தொடங்குகிற அந்தக் கணத்தில் பாய்கிற மின்னோட்டம் மலிவு ரிலேக்களுக்குக் கூட. ஒட்டின பிறகு உங்கட கோடு எத்தனை தரம் "ஓஃப்" என்று கத்தினாலும் கேட்க ஆளில்லை. ஸ்கிரீனில் மட்டும் "ஓஃப்" என்று இருக்கும்.

இதுக்குள் ஒரு சமனில்லாத விசயம் இருக்கு, அதைப் பிடிச்சால் மிச்சமெல்லாம் விளங்கும். சூடு போய், பெட்டி ஒரு இரவு 17 டிகிரிக்கு இறங்கினால், சுகமாக இருக்கிற ஒரு போகோனாவோ சிறுத்தைப் பல்லியோ மந்தமாகிப் படுத்திருக்கும், அடுத்த நாள் எழும்பும். ஆனால் ஒளிய இடமில்லாமல் பெட்டி முழுக்க 40களின் நடுவுக்குப் போனால் மணிக்கணக்குத் தேவையில்லை. குளிருக்குத் தவணை இருக்கு, சூட்டுக்கு இல்லை. ஆகவே உங்கட கோடில் சந்தேகம் வருகிற ஒவ்வொரு இடத்திலும், அதாவது உணரி பதில் சொல்லவில்லை, இலக்கம் நம்பமுடியாதது, நேரம் தெரியவில்லை, கரண்ட் இப்பதான் வந்தது, எதுவாக இருந்தாலும் அணைக்கிற பக்கம்தான் விழவேண்டும்.

அணைக்கிறதையும் கோடிடம் மட்டும் விடாதீங்கோ. குசினிக்குப் போய் சோறு குக்கரைப் பாருங்கோ. தண்ணி முழுக்க வற்றினதும் "டக்" என்று சுவிச் மேலே வருகுதே, அதுக்குள் என்ன மென்பொருள்? ஒன்றுமில்லை. நூறு டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் காந்தத் தன்மையை இழக்கிற ஒரு துண்டு, அதை இழுத்து விடுகிற ஒரு ஸ்பிரிங். அம்மா எத்தனை வருசமாக அதை நம்பி, அடுப்பைத் திரும்பிப் பார்க்காமல் சீரியல் பார்க்கிறா? டெராரியத்துக்கும் அந்தச் சாதிச் சாமான் ஒன்று வேணும். ஊர்வனக் கடைகளில் விற்கிற, இணையம் தெரியாத சாதாரண தெர்மோஸ்டாட் ஒன்றை, தன் சொந்த உணரியோடு, உங்கட ஸ்மார்ட் அமைப்புக்குத் தொடராகப் போடுங்கோ. கொஞ்சம் உயர்ந்த அளவில் வைத்துவிட்டால் சாதாரண நாளில் அது ஒன்றும் செய்யாது. உங்கட ரிலே ஒட்டின நாளில் மட்டும் வெட்டும். அதுக்கும் பின்னால் ஒரு இருஉலோகத் தகட்டு வெட்டி இருந்தால் இன்னும் நல்லது. 230 வோல்ட் வயரில் கை வைக்கிற வேலையை, அது தெரிந்த ஒருவரோடு இருந்து செய்யுங்கோ. எங்கட ஆக்களில் எலக்ட்ரீசியன் இல்லாத குடும்பம் குறைவு, ஒரு மாமாவாவது இருப்பார்.

எல்லா லைட்டையும் ஒரே மாதிரிக் கட்டுப்படுத்தவும் ஏலாது. சூட்டு லைட்டை மங்கவைத்துக் கட்டுப்படுத்தலாம். வெளிச்சம் தராத செராமிக் ஹீற்றருக்கு விட்டுவிட்டுக் கரண்ட் கொடுக்கிற தெர்மோஸ்டாட் போதும். யூவிபி லைட்டைத் தெர்மோஸ்டாட்டில் போடவே கூடாது. அதுக்கு ஒரு டைமர், அவ்வளவுதான். சூடு கூடினதென்று சூரியன் அணையிறதில்லை. மின்சார பில்லை நினைத்து இரவு மலிவு நேரத்துக்குச் சூட்டைத் தள்ளின ஒரு ஆளின் அமைப்பையும் பார்த்தேன். நல்ல புத்திசாலித்தனம்தான், ஓணானுக்குப் பகலில்தான் சூடு வேணும் என்ற ஒன்றைத் தவிர. கணக்குக்குச் சொல்கிறேன்: 100 வாட் லைட் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் எரிந்தால் 1.2 யூனிட். யூனிட் 20 சதம் அளவில் என்றால் மாதம் ஏழு யூரோ சொச்சம். வாரத்தில் ஒரு நாள் லாச்சப்பலில் கொத்து ரொட்டி சாப்பிடாமல் விட்டால் சரி.

இனி ஆகஸ்ட்.

இதுதான் என்னை உண்மையில் பயப்படுத்துகிற மாதம். பிரெஞ்சுக்காரர் கடற்கரைக்குப் போவார்கள், எங்கட ஆக்கள் ஊருக்கு. நல்லூர்த் திருவிழா 25 நாள். ஒரு தரம் டிக்கெட் போட்டால் மூன்று, நான்கு கிழமைக்குக் குறையாமல்தான் போவது. அந்த நேரம் ரூ பஜோலில் ஒரு மேல்மாடி வீடு பூட்டிக் கிடக்கும், யன்னல் சாத்தி, மேலே துத்தநாகக் கூரை. 2019 ஜூலை 25ஆம் தேதி பரிஸில் 42.6 டிகிரி பதிவானது. நிழலில், மொன்சூரி பூங்காவில். கூரைக்குக் கீழே எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 மனிசரையே வெக்கை கொண்டுபோன நாடு இது. பலர் இப்படிப்பட்ட மேல்மாடிகளில் தனியாக இருந்தவர்கள்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கு, அதை ஒருத்தரும் செய்யிறதில்லை. ஒரு லைட் பெட்டியை இத்தனை டிகிரிக்குக் கொண்டுபோகும் என்று சொல்ல ஏலாது. அறையின் வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி கூட்டும் என்றுதான் சொல்லலாம். உதாரணத்துக்கு ஜனவரியில் அறை 19, லைட் குளிர்ப் பக்கத்தை ஆறு டிகிரி கூட்டுது. 25, அருமை. அதே பெட்டி, அதே லைட், அதே டைமர், ஜூலையில் அறை 36. குளிர்ப் பக்கம் 42. பெட்டிக்குள் இப்ப குளிர்ப் பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஓணானின் கால் என்கிற அந்தத் தெர்மோஸ்டாட்டை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள். மிகச் சரியான கோடு எல்லாவற்றையும் அணைத்துவிடும்தான், ஆனாலும் அறை 36 அப்படியே நிற்கும். எங்கட இந்த அமைப்புகள் எல்லாம் சூட்டைக் கூட்ட மட்டும் தெரிந்தவை. குறைக்கத் தெரியாது. அப் அதைச் சொல்லாது. "இலக்கை விட வெப்பம் அதிகம்" என்று நல்லூர் வீதியில் நிற்கிற உங்களுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பும். அதை வைச்சு நீங்கள் என்ன செய்யிறது? கடலை சாப்பிட்டுக்கொண்டே கவலைப்படலாம்.

ஆகவே லைட் வாங்கும்போதே சின்னதாக வாங்குங்கோ. ரிலே ஒட்டினாலும், வெக்கை நாளாக இருந்தாலும், பெட்டியின் ஒரு மூலையாவது உயிர் தாங்குகிற அளவில் இருக்கிற மாதிரி. பெட்டியைப் பெரிதாக்குங்கோ. முழுக் கண்ணாடிக்குப் பதிலாக மூன்று பக்கம் மரம் போட்ட பெட்டி, குளிர்காலத்தில் குறைந்த வாட்டிலேயே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மேலே காற்றுப் போக வழி விடுங்கோ. இது எல்லாம் கோடு இல்லை, தச்சுவேலை. ஆனால் இதிலதான் பாதிப் பிரச்சினை தீரும்.

பஜோல் பக்கம் போகிறவர்கள் அல் பஜோலைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 17ஆம் இலக்கத்து மாணிக்க விநாயகர் கோயிலிலிருந்து அதே வீதியில் நடக்கிற தூரம்தான். 1926இல் கட்டின ரயில் சரக்குக் கொட்டகை அது. பிரான்சுவாஸ்-எலென் ஜூர்தா என்ற கட்டடக் கலைஞர் அந்தப் பழைய இரும்புச் சட்டத்தை இடிக்காமல் விட்டு, அதுக்குக் கீழே மரத்தாலான கட்டடத்தை வைத்து, கூரையில் ஏறக்குறைய 3,500 சதுர மீற்றர் சூரியத் தகடுகள் போட்டார். 2013இல் இளைஞர் விடுதியும் வாக்லாவ் ஹவெல் நூலகமும் தோட்டமுமாகத் திறந்தது. அங்கே இருந்துதான் அனேகமாக நான் எபிசோட்டுகளுக்குக் குறிப்பு எழுதுவது. எனக்கு அந்தக் கட்டடத்தில் பிடிச்சது சூரியத் தகடு இல்லை, வேலையின் ஒழுங்கு. முதலில் நிழல், மரம், காற்று. மெஷின் அதுக்குப் பிறகு. எங்கட பெடியள் டெராரியம் செய்கிற ஒழுங்கு நேர் எதிர்: முதல் நாள் ஹோம் அசிஸ்டன்ட், இரண்டாம் நாள் அழகான கிராஃப், ஓணானுக்கு ஒளிய ஒரு பொந்து வைக்கிறது மூன்றாம் மாதம்.

கிராஃபைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேர்கோடாகப் போகிற கிராஃப் ஒன்றை ஒருவர் பெருமையாக அனுப்பியிருந்தார். ஒன்றரை வருசத்து டேட்டா. நான் கேட்டது: யூவிபி லைட் எப்ப மாத்தினது? மாத்தவே இல்லை. யூவிபி லைட் கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் பாவிக்கப் பாவிக்க அதிலிருந்து வருகிற யூவிபி குறைந்துகொண்டு போகும். அது இல்லாவிட்டால் போகோனாவின் உடம்பில் டி3 விற்றமின் உண்டாகாது, கல்சியம் சேராது, எலும்பு இளகும். தாடை மெத்தென்று ஆகும், கால் வளையும். யன்னல் ஓரம் வைச்சால் சூரியன் பார்த்துக்கொள்ளும் என்றும் நினைக்காதீங்கோ, யன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். சாதாரண செட்டுகளில் இதை அளக்கிற உணரியே கிடையாது. கிராஃபில் இல்லாத ஒன்றால்தான் அந்த ஓணான் நோயாகும். ஊர்க் கோயில்களில் சுவிச்சைப் போட்டால் தானாக அடிக்கிற மேள மெஷின் ஒன்று இருக்கே, பூசைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது ஒரே தாளத்தில் அடிக்கும். எனக்கு அந்த நேர்கோட்டைப் பார்க்க அதுதான் ஞாபகம் வந்தது.

இதுக்கு ஒரு நல்ல எதிர்வாதம் இருக்கு, அதை ஒளிக்கமாட்டேன். இணையம் இல்லாத சாதாரண தெர்மோஸ்டாட்டும் பழுதாகும், பழுதானால் ஒருத்தருக்கும் சொல்லாது. ஸ்மார்ட் அமைப்பு குறைந்தது சொல்லவாவது செய்யும். உண்மை. அதனாலதான் நான் கழற்றி எறியச் சொல்லவில்லை. பார்க்கிற வேலையைக் கெட்டிக்கார மெஷினிடம் கொடுங்கோ, வெட்டுகிற வேலையை மொக்கு மெஷினிடம் கொடுங்கோ. கெட்டிக்கார மெஷின் வீட்டுக்குள்ளேயே ஓடட்டும், இணையம் போனாலும் நேரம் தெரிந்து வேலை செய்யட்டும். அது சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி "38 டிகிரி" இல்லை. "பத்து நிமிசமாக எனக்கு ஒரு இலக்கமும் வரவில்லை" என்பதுதான். அந்தப் பெடியனின் பச்சைப் புள்ளி சொல்லாமல் விட்டது அதைத்தான்.

டிக்கெட் போட்டவர்களுக்கு: போக இரண்டு கிழமைக்கு முதல் ஒரு சனிக்கிழமையை இதுக்கு ஒதுக்குங்கோ. ஓணானை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, பெட்டியை ஓடவிடுங்கோ. உணரியின் வயரைக் கழற்றிப் பாருங்கோ, என்ன நடக்குது? உணரியை ஒரு கிளாஸ் குளிர்தண்ணிக்குள் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் இருந்து, இரண்டாவது தெர்மோஸ்டாட் வெட்டுதா என்று பாருங்கோ. அந்த அரை மணித்தியாலமும் பக்கத்திலேயே இருங்கோ. இன்டர்நெட் பெட்டியை இரவு முழுக்க அணைத்துவிடுங்கோ. மெயின் சுவிச்சைப் போட்டு எடுங்கோ, ரிலே எந்த நிலையில் எழும்புது? யன்னலைச் சாத்தி, அறை எவ்வளவுக்குப் போகுது என்று ஒரு வெயில் நாளில் அளந்து பாருங்கோ. 30ஐத் தாண்டிப் போகுதென்றால் ஓணானை அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீங்கோ. கீழ்மாடியில் இருக்கிற ஒரு ஆளிடம், நல்ல சாப்பாட்டோடும் எழுதின தாளோடும் கொண்டுபோய்க் குடுங்கோ.

கடைசியாக, நான்கு பேர் கேட்ட கேள்வி. "ஊரிலிருந்து ஒரு நட்சத்திர ஆமை கொண்டுவந்தால், இஞ்ச செட்டப் செய்ய ஏலுமோ?" செட்டப் செய்ய ஏலும், கொண்டுவர ஏலாது. இந்தியா, இலங்கை இரண்டிலும் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2019இலிருந்து சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இருக்கு, புலியும் அதே பட்டியல்தான். சூட்கேசுக்குள் சொக்ஸில் சுற்றி வருகிற ஆமைகளை விமான நிலையங்களில் பிடிக்கிற செய்தியை நீங்களும் வாசித்திருப்பீர்கள். அந்தச் சூட்கேசுக்குள்ளும் ஒரு வெப்பநிலை இருக்கு, அதை ஒருத்தரும் கட்டுப்படுத்துவதில்லை. இதைக் கேட்ட நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டிருக்கிறேன். கோபிக்காதீங்கோ.